அதிவேக ரயில் வந்தால் பண்டிகைக் கூட்டம் குறையுமா? லோஹேகாவ் முன்வைக்கும் கேள்வி

லோஹேகாவ் (புனே): தீபாவளி, சத் பூஜை, ஆண்டு இறுதி விடுமுறை, பொங்கல் என ஒவ்வொரு பண்டிகைக் காலத்திலும் புனே நகரின் இரண்டு வாயில்களில் கூட்டம் நிரம்பி வழிகிறது. ஒன்று லோஹேகாவ் பகுதியில் உள்ள விமான நிலையம். மற்றொன்று அங்கிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புனே ரயில் நிலையம். முதல் வாயிலில் இடம் கிடைத்தாலும் கட்டணம் எட்டாத உயரத்துக்குச் சென்றுவிடுகிறது. இரண்டாவது வாயிலில் கட்டணம் குறைவு. ஆனால், இடம் கிடைப்பதில்லை.

இந்நிலையில், 2026-27-ஆம் நிதியாண்டுக்கான மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட 7 அதிவேக ரயில் வழித்தடங்களில் இரண்டு புனேவைத் தொடுகின்றன. மும்பை–புனே, புனே–ஹைதராபாத் ஆகியவையே அவை. ஹைதராபாத்–சென்னை, சென்னை–பெங்களூரு, ஹைதராபாத்–பெங்களூரு ஆகிய தடங்களும் பட்டியலில் இருப்பதால், புனேவில் பணிபுரியும் தமிழர்களும் இந்த அறிவிப்பை ஆர்வத்துடன் கவனித்து வருகின்றனர்.

பல லட்சம் கோடி ரூபாய் செலவில் அமையவுள்ள இந்தத் தடங்கள், பண்டிகைக் காலத்தில் ஊருக்குச் செல்லத் தவிக்கும் மக்களின் சுமையைக் குறைக்குமா? சீனா, இந்தோனேசியா, மொராக்கோ போன்ற வளரும் நாடுகளின் அனுபவத்திலிருந்து ஒரு தெளிவான விடை கிடைக்கிறது. அதிவேக ரயில், பண்டிகைக் கூட்டத்தில் ஒரு பகுதியினரை மட்டுமே நேரடியாக ஏற்றிச் செல்லும். மற்றவர்களுக்கு அதனால் கிடைக்கக்கூடிய நன்மை, பழைய தண்டவாளத்தில் காலியாகும் இடம். அந்த இடம் யாருக்கு ஒதுக்கப்படுகிறது என்பதைப் பொருத்தே இந்த முதலீட்டின் பயன் அமையும். இது குறித்த விரிவான விளக்கத்தைக் காண்போம்.

லோஹேகாவில் கூடுதல் விமானம் இயக்க முடியாதது ஏன்?

லோஹேகாவ் விமான நிலையம் அடிப்படையில் இந்திய விமானப் படையின் தளமாகும். போர் விமானங்கள் பறக்கும் அதே ஓடுபாதையைத்தான் பயணிகள் விமானங்களும் பகிர்ந்து கொள்கின்றன. ஓடுபாதை ஒன்றே ஒன்று. அதன் நீளம் ஏறத்தாழ 2,500 மீட்டர். எந்த நேரத்தில் எத்தனை பயணிகள் விமானங்கள் இயங்கலாம் என்பது விமானப் படையின் தேவையைப் பொருத்து முடிவாகிறது.

பயணிகளுக்கான கட்டட வசதி அண்மையில் மேம்பட்டுள்ளது. 2024 மார்ச் 10-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்த புதிய முனையம், அதே ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி முதல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால், முனையம் பெரிதானாலும் ஓடுபாதை பெரிதாகவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடி பயணிகள் வந்து செல்லும் இந்த நிலையத்தில், பண்டிகை வாரத்துக்கென நினைத்தவுடன் விமானங்களைக் கூட்டிவிட முடியாது. 2021-ஆம் ஆண்டு ஓடுபாதை சீரமைப்புப் பணிக்காக அக்டோபர் 16 முதல் 29 வரை 14 நாள்கள் நிலையம் முழுமையாக மூடப்பட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒரு பெருநகரம் விமானச் சேவையே இல்லாமல் இருந்தது, ஒற்றை ஓடுபாதையின் வரம்பை வெளிப்படையாக உணர்த்தியது.

இருக்கைகளின் எண்ணிக்கை நிலையாக இருந்து தேவை மட்டும் உயரும்போது விலை உயர்வது இயல்பு. இந்தியாவில் விமானக் கட்டணம் பொதுவாகச் சந்தையின் போக்கிலேயே விடப்பட்டுள்ளது. 2025 டிசம்பரில் நாடெங்கும் விமானச் சேவைகள் பெருமளவில் ரத்தானபோது மத்திய அரசு தற்காலிக உச்சவரம்பை விதித்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை 12,000 ரூபாய் என்பன அப்போதைய வரம்புகள். புனே–சென்னை வான்வழித் தொலைவு இரண்டாவது பிரிவில் அடங்கும். நால்வர் கொண்ட குடும்பம் உச்சவரம்புக் கட்டணத்தில் சென்று திரும்ப 96,000 ரூபாய் தேவை என்பதை இதிலிருந்து கணக்கிடலாம்.

புரந்தர் தாலுகாவில் புதிய விமான நிலையம் அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அதற்காக 7 கிராமங்களின் நிலத்தைக் கையகப்படுத்துவதற்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர். எனவே, அடுத்த சில ஆண்டுகளுக்கு லோஹேகாவின் ஒற்றை ஓடுபாதையே புனேவின் வான்வழி வாயிலாக இருக்கும்.

மலை தடுக்கும் இருப்புப்பாதை

ரயில் வழியிலும் புனேவுக்கு ஓர் இயற்கைத் தடை உண்டு. மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலான இருப்புப்பாதையின் நீளம் 192 கிலோமீட்டர். இதில் கர்ஜத்–லோணாவ்ளா இடையே, 28 கிலோமீட்டர் தொலைவு கொண்ட போர் காட் மலைப்பாதை அமைந்துள்ளது. 1863-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தப் பாதையில் ஏற்றம் 37-க்கு 1 என்ற அளவில் உள்ளது. அதாவது, 37 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் உயர வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மீது ஏறுவதற்கு இது மிகக் கடுமையான சாய்வு. எனவே, மலையேறும் பெரும்பாலான ரயில்களுக்கு கர்ஜத்தில் கூடுதல் என்ஜின்கள் இணைக்கப்பட்டு, லோணாவ்ளாவில் கழற்றப்படுகின்றன.

1930 ஜூன் 1-ஆம் தேதி ஓடத் தொடங்கிய டெக்கான் குயின் விரைவு ரயில், இன்றும் மும்பை–புனே தொலைவைக் கடக்க 3 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக் கொள்கிறது. சென்னை செல்லும் ரயில்களும், நாகர்கோவில் செல்லும் ரயிலும், சரக்கு ரயில்களும் இதே மலைப்பாதையில்தான் வரிசையில் நின்று ஏறுகின்றன. பண்டிகைக்குச் சிறப்பு ரயில் விட வேண்டுமென்றால், இந்த வரிசையில் அதற்கும் ஓர் இடம் தேட வேண்டும்.

சாலைவழிப் பயணத்தின் நிலையும் வேறல்ல. 2002-இல் முழுமை பெற்ற மும்பை–புனே விரைவுச் சாலையில் நீண்ட விடுமுறையின் முதல் நாள் காலையில் மலைப்பகுதியில் வாகனங்கள் ஊர்ந்து செல்வது வழக்கமான செய்தியாகிவிட்டது. தனியார் பேருந்துகள், அரசுப் பேருந்துக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வசூலிக்கக் கூடாது என மகாராஷ்டிர அரசு 2018-இல் உத்தரவிட்டது. அத்தகைய உத்தரவு தேவைப்பட்டதே பண்டிகைக் கால நெருக்கடியின் அளவைக் காட்டுகிறது.

அறிவிக்கப்பட்டது என்ன?

பட்ஜெட்டில் இடம்பெற்ற 7 தடங்கள்: மும்பை–புனே, புனே–ஹைதராபாத், ஹைதராபாத்–பெங்களூரு, ஹைதராபாத்–சென்னை, சென்னை–பெங்களூரு, தில்லி–வாராணசி, வாராணசி–சிலிகுரி. இவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் என்றும், முதலீடு ஏறத்தாழ 16 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்றும் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தெரிவித்துள்ளார்.

அவர் குறிப்பிட்ட பயண நேரங்களின்படி, மும்பை–புனே 48 நிமிடங்கள். புனே–ஹைதராபாத் 1 மணி 55 நிமிடங்கள். ஹைதராபாத்–சென்னை 2 மணி 55 நிமிடங்கள். இவற்றைக் கூட்டினால், புனேவிலிருந்து சென்னைக்கு 5 மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். தற்போது ஏறத்தாழ 1,090 கிலோமீட்டர் தொலைவுள்ள இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது.

எனினும், அறிவிப்புக்கும் பயணத்துக்கும் இடையே நீண்ட காலம் கழியும் என்பதை நாட்டின் முதல் அதிவேக ரயில் திட்டம் உணர்த்துகிறது. 508 கிலோமீட்டர் நீளமுள்ள மும்பை–ஆமதாபாத் தடத்துக்கு 2017 செப்டம்பர் 14-ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. மகாராஷ்டிரத்தில் நிலம் கையகப்படுத்துவதில் ஏற்பட்ட தாமதத்தால் பணிகள் நீண்டன. இத்தடத்தின் குஜராத் பகுதியில் முதல் ரயிலை 2027 ஆகஸ்டில் இயக்க இலக்கு நிர்ணயிக்கப்பட்டுள்ளது. அடிக்கல்லுக்கும் முதல் ரயிலுக்கும் இடையே 10 ஆண்டுகள்.

பண்டிகை வருவாய் மட்டும் போதுமா?

அதிவேக ரயில் பாதையைப் பொருத்தவரை, செலவின் பெரும்பகுதி முதல் ரயில் ஓடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ரயில் நிரம்பி ஓடினாலும் காலியாக ஓடினாலும் கடனுக்கான வட்டி நாள்தோறும் ஏறும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் மூலம் இதைப் புரிந்து கொள்ளலாம்.

அமைச்சர் கூறிய தொகையை நீளத்தால் வகுத்தால், கிலோமீட்டருக்குச் சராசரியாக 400 கோடி ரூபாய் ஆகிறது. மும்பை–புனே தடம் 150 கிலோமீட்டர் எனவும், வட்டி 5 சதவீதம் எனவும் வைத்துக் கொள்வோம். ஆண்டு வட்டி மட்டும் 3,000 கோடி ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கோடி ரூபாய். ஒரு பயணச்சீட்டு 1,000 ரூபாய் என்றால், வட்டியைச் செலுத்துவதற்கே நாள்தோறும் ஏறத்தாழ 80,000 பேர் பயணிக்க வேண்டும். 1,200 இருக்கைகள் கொண்ட ரயில்களில், இது ஏறத்தாழ 67 நிரம்பிய ரயில்களுக்குச் சமம். மின்சாரம், ஊதியம், பராமரிப்பு ஆகியவை இதற்கு மேல்.

ஆண்டுக்கு 30 அல்லது 40 நாள்கள் நீடிக்கும் பண்டிகை நெரிசல் இந்தச் சுமையைத் தாங்காது. மேலும், பண்டிகைக் கூட்டம் ஒரு திசையில் மட்டுமே செல்லும். ஊருக்குச் செல்லும் ரயில் நிரம்பி வழியும். அதே ரயில் திரும்பும்போது பெரும்பாலான இருக்கைகள் காலியாக இருக்கும். 2025-ஆம் ஆண்டு இந்திய ரயில்வே, அக்டோபர் 13 முதல் 26 வரை சென்று, நவம்பர் 17 முதல் டிசம்பர் 1 வரை திரும்பும் பயணங்களைச் சேர்த்து முன்பதிவு செய்தோருக்குத் திரும்பும் பயணத்தின் அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதத் தள்ளுபடி அளித்தது. கூட்டத்தைப் பல நாள்களுக்குப் பரவச் செய்து, இரு திசையிலும் இருக்கைகளை நிரப்புவதே இதன் நோக்கம்.

ஆகவே, அதிவேக ரயிலின் கடனை அடைப்பது வாரந்தோறும் பயணிக்கும் அலுவலர்களும் வணிகர்களும் மாணவர்களும்தான். பண்டிகைப் பயணியின் பங்கு, அந்தப் பாதைக்கு மக்கள் ஆதரவைத் தேடித் தருவது.

கடனின் வட்டி விகிதமும் முக்கியமானது. மும்பை–ஆமதாபாத் தடத்தின் தொடக்க மதிப்பீடான 1.08 லட்சம் கோடி ரூபாயில் 81 சதவீதத்தை, 0.1 சதவீத வட்டியில், 50 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் வகையில் ஜப்பான் கடனாக அளிக்க முன்வந்தது. முதல் 15 ஆண்டுகளுக்கு அசலைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லை. இத்தகைய கடன் எல்லாத் தடங்களுக்கும் கிடைக்கும் எனக் கருத இயலாது. கடன் யென் நாணயத்தில் இருப்பதால், ரூபாயின் மதிப்பு சரிந்தால் சுமை கூடும் என்பதும் கவனிக்கத்தக்கது.

சீனாவின் 40 நாள்கள்

பண்டிகைப் பயணத்தையும் அதிவேக ரயிலையும் சேர்த்துப் பேசும்போது முதலில் நினைவுக்கு வருவது சீனா. அங்கு வசந்த விழாவையொட்டிய 40 நாள்கள் தனிப் பயணப் பருவமாகவே கருதப்படுகின்றன. 2025-ஆம் ஆண்டின் அந்த 40 நாள்களில் ரயில்களில் மட்டும் 50 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள் பதிவாகின.

2008 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பெய்ஜிங்–தியான்ஜின் இடையே தொடங்கிய சீனாவின் நவீன அதிவேக ரயில் வலையமைப்பு, 2025 இறுதியில் 50,000 கிலோமீட்டரைக் கடந்தது. அங்கு கட்டுமானச் செலவு மற்ற நாடுகளின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என உலக வங்கி 2019-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஒரே மாதிரியான வடிவமைப்பில், ஒரே வகை உயர்த்தப்பட்ட பாலங்களைப் பெரும் எண்ணிக்கையில் கட்டியது இதற்கு முக்கியக் காரணம்.

ஆனால், சீன அனுபவத்தில் எச்சரிக்கையும் உண்டு. 2009 டிசம்பரில் வூஹான்–குவாங்ஜோ அதிவேகத் தடம் திறக்கப்பட்டபோது, வழக்கமான ரயில்கள் குறைக்கப்பட்டதால் அதிகக் கட்டணம் கொடுத்து அதிவேக ரயிலில் ஏற வேண்டிய கட்டாயம் ஏற்பட்டதாகப் பயணிகள் புகார் கூறினர். வசந்த விழாவுக்கு ஊர் திரும்பும் தொழிலாளர்களில் பலர் பேருந்துகளை நாடினர். புதிய பாதை வந்த பின்னர் ஏழைப் பயணியின் தெரிவுகள் குறைந்தன என்பதே அன்றைய குறை.

பிற்காலத்தில் சீனா இரண்டு வழிகளைக் கையாண்டது. முதலாவதாக, பண்டிகைக் காலத்தில் 8 பெட்டி ரயில்கள் இரண்டை இணைத்து 16 பெட்டிகளாக இயக்குவது, வழக்கமாகப் பராமரிப்புக்கென ஒதுக்கப்படும் இரவு நேரத்திலும் கூடுதல் ரயில்களை ஓட்டுவது, கூட்டத்துக்கு எதிர்த் திசையில் செல்வோருக்குத் தள்ளுபடி வழங்குவது. இரண்டாவதாக, மலைப்பகுதிக் கிராமங்களுக்காகப் பல பத்தாண்டுகளாகக் கட்டணம் உயர்த்தப்படாத மெதுவான ரயில்களை மக்கள்நலச் சேவையாகத் தொடர்வது. அதிவேக ரயிலுக்குப் புகழ்பெற்ற நாட்டிலேயே மெதுவான ரயிலுக்கு இடம் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

புனேவுக்கு நெருக்கமான பாடம்: பாண்டுங்

மும்பை–புனே தடத்துடன் ஒப்பிட மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்தோனேசியாவில் உள்ளது. தலைநகர் ஜகார்த்தாவையும், மலைகள் சூழ்ந்த கல்வி நகரான பாண்டுங்கையும் இணைக்கும் ‘ஊஷ்’ அதிவேக ரயில் 2023 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. தொலைவு ஏறத்தாழ 142 கிலோமீட்டர்; அதிகபட்ச வேகம் மணிக்கு 350 கிலோமீட்டர். ஏறத்தாழ 3 மணி நேரப் பயணம் முக்கால் மணி நேரமாகச் சுருங்கியது. கடலோரப் பெருநகரம், மலை மேல் கல்லூரி நகரம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் இடைவெளி, வார இறுதிக் கூட்டம் என அனைத்திலும் மும்பை–புனேவின் சாயலை அங்கு காணலாம்.

பயணம் வசதியாக உள்ளது என்பதில் ஐயமில்லை. வார இறுதியிலும் விடுமுறையிலும் பயணிகள் எண்ணிக்கை உயர்கிறது. இருந்தபோதிலும், மொத்தப் பயணிகள் எண்ணிக்கை திட்டமிட்டதைவிடக் குறைவாகவே உள்ளது. ஏறத்தாழ 720 கோடி டாலர் செலவில், ஏறத்தாழ 120 கோடி டாலர் மதிப்பீட்டைத் தாண்டிய தொகை. செலவின் முக்கால் பங்கு சீன வளர்ச்சி வங்கியின் கடன். இக்கடனை மறுசீரமைப்பது குறித்து 2025-இல் இந்தோனேசிய அரசு பேச்சு நடத்த வேண்டிய நிலை ஏற்பட்டது.

காரணங்களில் இரண்டு புனேவுக்கு நேரடியாகப் பொருந்துபவை. முதலாவது, நிலையங்களின் இருப்பிடம். ஜகார்த்தாவில் ரயில் புறப்படும் ஹாலிம் நிலையம் நகர மையத்தில் இல்லை. மறுமுனையில், பாண்டுங் நகருக்குள் செல்ல விரும்புவோர் படலாராங் நிலையத்தில் இறங்கி, இணைப்பு ரயிலில் மாறிச் செல்ல வேண்டும். வேகத்தில் மிச்சமாகும் நேரத்தில் ஒரு பகுதி இந்த இணைப்புப் பயணத்தில் கரைந்துவிடுகிறது.

இரண்டாவது, பண்டிகைக் கூட்டத்தின் திசை. ரமலான் முடிந்து ஈகைத் திருநாளுக்கு ஊர் திரும்பும் வழக்கம் இந்தோனேசியாவில் மிகப் பெரிய மக்கள் பெயர்ச்சி. ஜகார்த்தாவிலிருந்து புறப்படும் கூட்டத்தின் பெரும்பகுதி மத்திய ஜாவாவுக்கும் கிழக்கு ஜாவாவுக்கும் செல்கிறது. அதிவேக ரயிலோ பாண்டுங்கோடு நின்றுவிடுகிறது.

மொராக்கோ வேறொரு வழியைக் கையாண்டது. 2018 நவம்பரில் தொடங்கிய அங்குள்ள அதிவேக ரயில், டாஞ்சியர்–காசாபிளாங்கா இடையிலான 323 கிலோமீட்டரில் முதல் 186 கிலோமீட்டரை மட்டுமே புதிய பாதையில் கடக்கிறது. மீதித் தொலைவில் மேம்படுத்தப்பட்ட பழைய பாதையைப் பயன்படுத்துகிறது. அதனால், நகரங்களின் நடுவில் உள்ள நிலையங்களுக்கே ரயில் செல்கிறது. 4 மணி 45 நிமிடப் பயணம் 2 மணி 10 நிமிடங்களாகக் குறைந்தது. முதல் தடம் பழகிய பின்னரே, 2025 ஏப்ரலில் மராகேஷ் நகர் வரையிலான நீட்டிப்புப் பணி தொடங்கப்பட்டது.

கூட்டத்தில் நிற்பவர் யார்?

இந்தியாவில் பண்டிகைக் கூட்டத்தின் முகத்தை இரண்டு விபத்துகள் காட்டுகின்றன. 2023 நவம்பர் 11-ஆம் தேதி, தீபாவளிக்கு முந்தைய நாள், சூரத் ரயில் நிலையத்தில் பிகார் செல்லும் ரயிலில் ஏற முண்டியடித்த கூட்டத்தில் சிக்கி ஒருவர் உயிரிழந்தார். 2024 அக்டோபர் 27-ஆம் தேதி, மும்பை பாந்த்ரா முனையத்தில் கோரக்பூர் செல்லும் முன்பதிவில்லா ரயிலில் ஏற முயன்றபோது குறைந்தது 9 பேர் காயமடைந்தனர்.

சூரத், மும்பை–ஆமதாபாத் அதிவேக ரயில் நிற்கவுள்ள நகரம். அத்தடத்தின் மும்பை நிலையம் அமையும் பாந்த்ரா–குர்லா வளாகம், பாந்த்ரா முனையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. ஆனால், அந்த இரு நாள்களிலும் நடைமேடையில் நின்றவர்கள் செல்ல விரும்பிய ஊர்கள் வேறு. அவர்கள் கையிலிருந்த பயணச்சீட்டின் விலையும் வேறு. அதிவேக ரயில் அவர்களை ஏற்றிச் செல்லப் போவதில்லை.

புனேவின் நிலையும் இதுவே. தீபாவளி, சத் பூஜைக் காலத்தில் புனேவிலிருந்து இயக்கப்படும் சிறப்பு ரயில்கள் தானாப்பூர், கோரக்பூர், நாக்பூர் போன்ற ஊர்களை நோக்கிச் செல்கின்றன. அறிவிக்கப்பட்ட 7 தடங்களில் எதுவும் புனேவிலிருந்து அத்திசையில் செல்லவில்லை. முன்னர் ஆய்வுக்கு எடுத்துக் கொள்ளப்பட்ட மும்பை–நாக்பூர் தடமும் இப்பட்டியலில் இல்லை.

பழைய தண்டவாளத்தில் கிடைக்கும் இடம்

அப்படியென்றால் இந்தக் கூட்டத்துக்கு அதிவேக ரயிலால் பயனே இல்லையா? பயன் உண்டு, ஆனால், அது மறைமுகமானது.

1964 அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பான் தனது முதல் அதிவேக ரயிலை இயக்கியதற்கு முக்கியக் காரணம், டோக்கியோ–ஒசாகா இடையிலான பழைய பாதையில் இடமே இல்லாமல் போனதுதான். உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் பெற்று அந்நாடு புதிய பாதை அமைத்தது. நெடுந்தொலைவு விரைவுப் பயணிகள் புதிய பாதைக்கு மாறியதால், பழைய பாதையில் சரக்கு ரயில்களுக்கும் உள்ளூர் ரயில்களுக்கும் இடம் கிடைத்தது.

இந்தியாவில் இதே கோட்பாட்டைச் சரக்குக்கான தனி இருப்புப்பாதைகளில் காணலாம். லூதியானாவிலிருந்து சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட கிழக்குப் பாதை, சரக்கு ரயில்களைப் பழைய தடத்திலிருந்து விலக்கியது. நாட்டின் மொத்த இருப்புப்பாதை நீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கான முக்கிய வழித்தடங்கள், பாதிக்கும் மேற்பட்ட போக்குவரத்தைச் சுமக்கின்றன. அங்கு கிடைக்கும் ஒவ்வோர் இடைவெளியும் ஒரு கூடுதல் ரயிலுக்கான வாய்ப்பு. 2025-ஆம் ஆண்டு தீபாவளி, சத் பூஜைக்காக 12,000-க்கும் மேற்பட்ட சிறப்பு ரயில் பயணங்கள் அறிவிக்கப்பட்டன. அத்தனை ரயில்களும் ஓடத் தண்டவாளத்தில் இடம் வேண்டும்.

மும்பை–புனே அதிவேகத் தடம் அமைந்தால், போர் காட் மலைப்பாதையில் ஏறும் சில நகரிடை ரயில்களின் பயணிகள் அதற்கு மாறக்கூடும். அந்த இடைவெளியில் மற்றொரு வந்தே பாரத் ரயிலை விடலாம். சரக்கு ரயிலை விடலாம். தானாப்பூருக்கோ நாகர்கோவிலுக்கோ செல்லும் முன்பதிவில்லாப் பெட்டிகள் கொண்ட ரயிலையும் விடலாம். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி தொடங்கப்பட்ட, குளிர்சாதன வசதியற்ற 22 பெட்டிகள் கொண்ட அம்ரித் பாரத் ரயில்கள் இத்தகைய பயணிகளுக்கானவை. எந்த ரயிலுக்கு இடம் தரப்படுகிறது என்பது பொறியியல் தீர்மானிக்கும் விஷயம் அல்ல. அது கொள்கை முடிவு.

தமிழ்நாட்டுக்கு என்ன?

சென்னையைத் தொடும் இரண்டு அதிவேகத் தடங்களும் பெங்களூரு, ஹைதராபாத் நோக்கிச் செல்பவை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையிலிருந்து புறப்படும் கூட்டத்தின் பெரும்பகுதி திருச்சி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், கோவை நோக்கிச் செல்கிறது. முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே காத்திருப்போர் பட்டியல் நீளும் தென்மாவட்ட ரயில்களுக்கு மாற்றாக இத்தடங்கள் அமையா.

தென்மாவட்டங்களில் அண்மைக் காலத்தில் பலன் தந்தது பழைய பாதையின் விரிவாக்கமே. வாஞ்சி மணியாச்சி–நாகர்கோவில் இரட்டைப் பாதை 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் 8 பெட்டிகளுடன் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் ரயில், பின்னர் 16 பெட்டிகளாகவும், தொடர்ந்து 20 பெட்டிகளாகவும் உயர்த்தப்பட்டது. இது புதிய பாதை இல்லாமல், நடைமேடையின் நீளத்துக்குள்ளேயே கிடைத்த கூடுதல் இடம்.

நடுத்தரத் தொலைவுக்கு மற்றொரு தெரிவும் உள்ளது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் தில்லி–மீரட் தடத்தில் இயங்கும் மண்டல விரைவு ரயிலைப் போன்று, சென்னை–விழுப்புரம், சென்னை–வேலூர், கோவை–சேலம் தடங்களில் சேவை தொடங்குவதற்கான சாத்தியக்கூறு ஆய்வை 2025-26 தமிழக பட்ஜெட் அறிவித்தது.

கவனிக்க வேண்டிய நான்கு கேள்விகள்

திட்ட அறிக்கைகள் ஒவ்வொன்றாக வெளிவரும்போது, கட்டணத்தையும் வேகத்தையும் கடந்து, நான்கு கேள்விகளுக்கு விடை தேடினால் இந்த முதலீட்டின் பயனை மதிப்பிடலாம்.

முதலாவது, புனேவில் நிலையம் எங்கே அமையும்? லோஹேகாவ் விமான நிலையத்துக்கு மிக அருகில் உள்ள மெட்ரோ நிலையம், 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட ராம்வாடி. அங்கிருந்து விமான நிலையத்துக்குச் சாலை வழியாகவே செல்ல வேண்டும். அதிவேக ரயில் நிலையமும் இவ்வாறு மெட்ரோவிலிருந்தும், பழைய ரயில் நிலையத்திலிருந்தும் விலகி நின்றால், பாண்டுங்கின் அனுபவம் இங்கும் திரும்பும்.

இரண்டாவது, தடங்கள் ஒன்றோடொன்று இணையுமா? ஹைதராபாத்தில் இறங்கி வேறொரு நிலையத்துக்குச் செல்ல வேண்டியிருந்தால், புனே–சென்னை 5 மணி நேரப் பயணம் காகிதத்தில் மட்டுமே இருக்கும். ஒரே ரயில் நேரடியாகச் சென்றால், லோஹேகாவில் விமானம் ஏறும் தமிழர்களில் ஒரு பகுதியினர் ரயிலுக்கு மாற வாய்ப்புண்டு. அதனால் ஓடுபாதையின் சுமையும் ஓரளவு குறையும்.

மூன்றாவது, பண்டிகை நாள்களில் கட்டணத்துக்கு வரம்பு உண்டா? தேவைக்கேற்ப உயரும் கட்டணம் ரயிலுக்கு வருவாய் தரும். வரம்பில்லாமல் உயர்ந்தால், அது தண்டவாளத்தில் ஓடும் மற்றொரு விமானமாகவே இருக்கும்.

நான்காவது, பழைய பாதையில் காலியாகும் இடத்தில் எத்தனை பொது வகுப்புப் பெட்டிகள் ஓடும்? இந்த எண்ணிக்கை திட்ட அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும். இல்லாவிட்டால், வூஹானில் 2009-இல் எழுந்த புகார் இங்கும் எழக்கூடும்.

பண்டிகைக்கு ஊர் திரும்புவது கோடிக்கணக்கான உழைப்பாளிகளுக்கு ஆண்டில் ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு. லோஹேகாவில் விமானச் சீட்டின் விலை கண்டு திகைப்பவரும், புனே ரயில் நிலைய நடைமேடையில் மூட்டையுடன் இரவு முழுவதும் காத்திருப்பவரும் ஒரே நெருக்கடியின் இரு முனைகளில் நிற்கின்றனர். அதிவேக ரயில் முதலாமவரை விரைவில் சென்றடையும். இரண்டாமவர் பழைய தண்டவாளத்தில்தான் ஊர் திரும்புவார். அவருக்கு ஒரு கூடுதல் ரயிலாவது கிடைத்ததா என்பதே, இத்திட்டம் நிறைவேறிய பின்னர் வரும் முதல் தீபாவளியன்று கேட்க வேண்டிய கேள்வி.